பொண்ணு நம்ம ஊரு, ஜெர்சி வேற ஊரு

மஞ்சக்குப்பம்

கடலூரில் கால்பந்து ரசிகர்களைப் பார்க்க அண்ணா விளையாட்டரங்கத்துக்குள் போகத் தேவையில்லை. பக்கத்து டீக்கடை ஏதாவது ஒன்றில் காலை ஆறரைக்கு நின்றால் போதும். நான் நின்ற கடையில், வடைச்சட்டிக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பாமேல் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் பெண்கள் லீக்கின் பழைய ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சேது அணியும் ஈஸ்ட் பெங்காலும். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான்கு பேர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ இன்றைக்குத்தான் நடக்கிற மாதிரி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கம் குடு… அந்தப் பக்கம்டீ… போச்சு!"

"நீங்க எந்த டீமுண்ணே?" என்று துண்டு போர்த்தியிருந்தவரிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான். இந்தப் பக்கமும் நம்ம ஊரு புள்ளைங்க ஆடியிருக்கு, அந்தப் பக்கமும் ஆடியிருக்கு. எதுல கோல் உழுந்தாலும் பாதி சந்தோஷம், பாதி வயித்தெரிச்சல்."

வடை போடுகிறவர் திரும்பாமலே சொன்னார்: "இவரு பாதிப் பாதிதான் சார். டீக்காசும் பாதிதான் குடுப்பாரு."

மார்கழி மாதம். முந்தின நாள் மழையில் மைதானத்தின் ஓரமெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. கடலூர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் பயத்தோடு கழிகிற மாதங்கள். 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலைப் பற்றி யாரைக் கேட்டாலும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன புயல் அது. 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று அப்புறமும் வரிசை உண்டு. கால்பந்தின் முக்கியமான போட்டிகள் வருவதும் இந்த மாதங்களில்தான். "பயிற்சி எடுக்க வேண்டிய நேரத்துல கிரவுண்டுல தவளை கத்தும். என்ன பண்றது?" என்றார் துண்டுக்காரர்.

நான் சென்னைக்காரன், வியாசர்பாடிப் பக்கம். எங்கள் பகுதியில் முல்லை நகர் மைதானத்தில் விடிந்தால் பந்துச் சத்தம்தான். ஆனால் ரசிகன் என்ற வகையில் எனக்கென்று ஒரு நீல ஜெர்சி, நேரு ஸ்டேடியத்தில் ஓர் இடம், கத்துவதற்கு ஒரு கூட்டம் எல்லாம் இருந்து பழக்கம். சென்னையின் எஃப்.சி. 2015இல் கோவாவிலும், 2018 மார்ச்சில் பெங்களூரிலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்றது. இரண்டு இறுதியாட்டமும் 3–2. வீரர்கள் இத்தாலியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருவார்கள், போவார்கள். ஜெர்சி மட்டும் நின்று நிலைக்கும். கடலூரில் அது அப்படியே தலைகீழ். இங்கே ஆட்களை விட்டு யாரும் மாறுவதில்லை. ஜெர்சிதான் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஊர் பெயர் சொல்லும்படி கடலூருக்கும் ஓர் அணி இருந்தது. பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்தெடுத்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, 2017–18 இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடியது. நாட்டின் ஏழு அணிகளில் ஒன்றாக ஷில்லாங்குக்குப் போனது. கடலோரத்தில் பிறந்து, வெயிலில் ஓடி வளர்ந்த பிள்ளைகள் மேகாலயாவின் குளிரில் ஆடினார்கள். அதற்குப் பிறகு அந்த லீக்கின் பட்டியலில் அகாடமியின் பெயர் வரவில்லை.

"ஷில்லாங்குக்கு இங்கேருந்து யாராவது பார்க்கப் போனாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல. போன்ல பாத்தோம். அதுவும் சுத்திக்கிட்டே நிக்கும். கோல் உழுந்ததே அடுத்த நிமிஷம்தான் தெரியும்."

2018 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. கட்டாக்கில் தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என்று வென்றது. மணிப்பூர் அந்தக் கோப்பையை வீட்டுச் சாமான்போல வைத்திருந்த மாநிலம். தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம், அந்த அணியில் கடலூர் மண்ணில் தேய்ந்த கால்கள் பல. அடுத்த மாதம் சென்னையின் எஃப்.சி. ஜெயித்தபோது நாங்கள் தெருவில் பட்டாசு வெடித்தோம். கட்டாக் வெற்றியைச் சென்னையில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமானது. நாளிதழ்களில் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலை கிடைத்ததே பெரிது.

துண்டுக்காரருக்கு அந்த மூலையே போதும். வெட்டி எடுத்து, லேமினேட் செய்து, கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். கல்லாவுக்குமேல் முருகன் படத்துக்கும் காமராஜர் படத்துக்கும் நடுவே அது தொங்குகிறது. எண்ணெய்ப் புகையில் மணிப்பூர் அணியின் பாதி ஏற்கெனவே மறைந்துவிட்டது.

தேவனாம்பட்டினம்

வெள்ளிக் கடற்கரைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சில்வர் பீச். மெரினாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே இரண்டு விஷயம் புதுசு. ஒன்று, அமைதி. இன்னொன்று, கடலுக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கிற, அல்லது இல்லாத, தூரம்.

2004 டிசம்பர் 26 இந்தத் தூரத்தைத்தான் தின்றது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் தேவனாம்பட்டினத்துப் பெண்கள் பாற்குடத்தோடு கடற்கரைக்கு வந்து, பாலைக் கடலில் ஊற்றிப் பூ போடுவார்கள். நான் போனது அதற்கு அடுத்த நாள். கரையில் சாமந்தி இதழ்கள் இன்னும் ஈர மணலில் ஒட்டிக் கிடந்தன.

பெண்கள் கால்பந்து இங்கே வேர்விட்டதற்கும் அந்த நாளுக்கும் தொடர்புண்டு. சுனாமிக்குப் பிறகு அரசு குழந்தைகள் இல்லத்திலும் மீனவக் குப்பங்களிலும் இருந்த சிறுமிகளை மாரியப்பன் மைதானத்துக்கு அழைத்து வந்தார். அழுதுகொண்டே உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஓடவிட்டால் கொஞ்ச நேரமாவது மறப்பார்கள் என்பதுதான் தொடக்கம் என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் இந்தக் கதையை எழுதியிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் சுனாமியில் தொடங்கி சுனாமியிலேயே முடித்துவிடுவதில்தான் எனக்கு வருத்தம். இன்றைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களுக்குப் பந்து பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மீன் விற்கும் ஓர் அக்காவைப் பார்த்தேன். மகள் ஆடுகிறாள். அலுமினியத் தட்டில் சங்கராவும் காரப்பொடியும். ஈ ஓட்டிக்கொண்டே பேசினார்.

"மொதல்ல ட்ரவுசர் போட்டு ஓடுறாளேன்னு பக்கத்து வூட்டுல பேசினாங்க தம்பி. அப்புறம் பேப்பர்ல படம் வந்துச்சி. இப்ப அவங்க வூட்டுப் புள்ளயையும் எம்பொண்ணோட அனுப்புறாங்க."

"ஆட்டம் பார்ப்பீங்களா அக்கா?"

"எங்க பாக்குறது? அது டவுன்ல ஆடினா காலைல நான் ஹார்பர்ல இருப்பேன். வெளியூர்ல ஆடினா கேக்கவே வேணாம். ஒரே ஒரு தபா பாத்தேன். யாரு எந்தப் பக்கம்னே புரியல. இவ உழுந்தப்ப மட்டும் கத்துனேன்."

அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்திருந்தது. ஈரத்தை இழுக்க உள்ளே தினத்தந்தியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இடது பூட்ஸின் முன்பக்கம் பிளந்திருந்த இடத்தை நீல நைலான் நூலால் தைத்திருந்தார்கள். வலை பின்னுகிற அதே நூல், அதே முடிச்சு. தைத்தவர் அப்பா. பயிற்சி நடக்கும் இடத்தில் கோல் வலை கிழிந்தாலும் அவர்தான் போவாராம். "மீன் பூந்து போவாத வலைங்க, பந்து எப்படிப் பூரும்?" என்று சிரித்தார். வலையைக் கட்டிவிட்டுப் பார்வையாளராக உட்கார்ந்துவிடுவதும் உண்டு. ஆஃப்சைடு மட்டும் அவருக்கு இதுவரை பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்து நேரு ஸ்டேடியத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பாதிப் பேருக்கும் அதே நிலைமைதான்.

மதியம் அங்கேயே சாப்பாடு. சுறாப்புட்டு, மத்தி மீன் குழம்பு, கொஞ்சம் ரசம். சென்னையில் சுறாப்புட்டு என்று கொடுப்பதில் வெங்காயம்தான் கண்ணுக்குத் தெரியும். இங்கே வெங்காயத்தைத் தேட வேண்டியிருந்தது.

சாப்பிடும்போது மகள் வந்தாள். கல்லூரி முதலாண்டு. யாரைப் பார்த்து ஆட வந்தாய் என்று கேட்டதற்கு, நான் மெஸ்ஸி அல்லது ரொனால்டோ என்று எதிர்பார்த்தேன். "இந்து அக்கா" என்றாள். இந்துமதி கதிரேசன், கடலூர்க்காரர், நடுக்கள ஆட்டக்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2019 தெற்காசியக் கோப்பையை இந்தியா வென்றபோது அதில் அதிக கோல் போட்டவர்களில் ஒருவர். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த சந்தியா ரங்கநாதன் இன்னொரு பெயர். இருவரும் சேது அணிக்கு ஆடியவர்கள். சந்தியா பிறகு கோகுலம் கேரளா, ஈஸ்ட் பெங்கால் என்று போனார். அந்தப் பெண்ணின் அறைக் கதவில் மூன்று கிளப்புகளின் ஸ்டிக்கர்களும் ஒட்டியிருந்தன. அவள் எந்தக் கிளப்பின் ரசிகை என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று அப்போது புரிந்தது.

பரங்கிப்பேட்டை

முதுநகர் தாண்டி, சிப்காட்டின் நெடி தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பேருந்து தெற்கே இறங்குகிறது. வலப்பக்கம் நெல், இடப்பக்கம் கழி. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை. பல குடும்பங்களுக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு கால் இருக்கும் ஊர். அதனால் இங்கே ஜெர்சிகளும் கடல் தாண்டி வந்தவை. தெருவில் பந்தாடிய பையன்களில் லிவர்பூல், பார்சிலோனா, அல் நசர் எல்லாம் இருந்தன. சென்னை இல்லை, கடலூரும் இல்லை.

"ஐ.எஸ்.எல். பார்ப்பீங்களாப்பா?"

"அது இருக்கா பாய் இன்னும்?" என்றான் ஒருவன். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சிதம்பரம்

அந்தப் பையனின் கேள்வியோடுதான் சிதம்பரம் வந்து சேர்ந்தேன். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜூலையில் லீக்கை நடத்தி வந்த நிறுவனம் அடுத்த சீசனை நிறுத்தி வைத்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தோடு அதற்கு இருந்த ஒப்பந்தம் டிசம்பர் 8இல் முடிய இருந்தது, புதுப்பிப்பு நடக்கவில்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அப்புறம் கோவாவில் சூப்பர் கோப்பையில் ஆடியதோடு சரி. மார்கழி வந்தும் லீக் ஆட்டம் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. தோற்றால் திட்டலாம், ஜெயித்தால் ஆடலாம். ஆடவே இல்லையென்றால் ரசிகன் என்ன செய்வது? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கால்பந்துப் பேச்சு நின்று, யாருடைய வீட்டுக் கல்யாணம், எங்கே பிரியாணி என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

தமிழ்நாட்டு ரசிகனுக்கு இது முதல் அடியும் இல்லை. 2018–19இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி எஃப்.சி.யைக் கோயம்புத்தூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடைசி நாளில் மினர்வாவை 3–1 என்று வென்று, தங்கள் ஊர் நேரு ஸ்டேடியம் அதிரக் கொண்டாடினார்கள். இன்றைக்கு அந்தக் கிளப்பே களத்தில் இல்லை.

சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தேரோடும் நான்கு வீதிகளிலும் கோலமும் கூட்டமும். கீழவீதியில் ஒரு ஹோட்டலில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். மிளகும் நெய்யும் தாளித்த சாதம், சுட்ட கத்தரிக்காயின் புகை வாசனை. ஊருக்குப் போய்ச் சொன்னால் 'கத்தரிக்காய்க் குழம்பா?' என்று கேட்பார்கள். விளக்குவது வீண்.

ஆட்டோக்காரரிடம் நான் எதற்காக வந்தேன் என்று சொன்னதும், "சாமியே இங்க ஒரு காலைத் தூக்கிக்கிட்டுத்தான சார் நிக்கிறாரு, ஃபுட்பாலுக்குக் கேக்கணுமா?" என்றார். இந்த வாக்கியத்தை நானே யோசித்து எழுதியிருந்தால் அடித்திருப்பேன். அவர் சொன்னதால் விட்டுவைக்கிறேன்.

அண்ணாமலை நகர்

ரயில் பாதையைத் தாண்டினால் வேறு உலகம். 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம், அகலமான சாலைகள், தூங்குமூஞ்சி மரங்கள். கோயில் பக்கத்து நெரிசலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும், மாணவிகள் சிலரும் மைதானத்து ஓரம் எனக்காகக் காத்திருந்தார்கள். ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். கழுத்தில் இன்னும் விசில்.

ஜெர்சிக் கதையின் அடுத்த அத்தியாயத்தை அவர்தான் சொன்னார். கடலூர் மாவட்டத்துக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அதனால் கடலூர்ப் பெண்கள் பல்கலைக்கழகப் போட்டிகளில் வேலூருக்காக ஓடினார்கள். 2021இல் விழுப்புரத்தில் ஜெயலலிதா பல்கலைக்கழகம் வந்தது. அதே ஆண்டு அது அண்ணாமலையோடு சேர்க்கப்பட்டது. கடலூர்க் கல்லூரிகளும் அண்ணாமலைக்கு வந்தன.

"ஒரே புள்ள, ஒரே கால், ஒரே மைதானம். சட்டசபையில ஒரு மசோதா, ஜெர்சி மாறிப்போச்சு" என்றார் ஐயா. "எங்களுக்கு லாபம்தான். வேலூர்க்காரங்கதான் பாவம்."

"சீசன்ல உங்களுக்கு ரொம்பக் கோபம் வர்றது எதுல ஐயா?"

அவர் யோசிக்கவே இல்லை. "தோத்தா வராது. சின்ன வயசுல இருந்து பாக்குறோம், தோல்வி பழகிப்போச்சு. இந்தப் புள்ளைங்க டிகிரி முடிச்சதும் பந்தை விட்டுர்றாங்க பாருங்க, அதுலதான் வரும். மூணு சதவீத இட ஒதுக்கீடுல வேலை இருக்குன்னு சொல்றோம். இந்துமதி மாதிரி போலீஸ்ல சேர்ந்துட்டா தொடர்ந்து ஆடலாம். எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கிடைக்காதவளுக்கு வரன் வந்துரும்."

மாணவிகளில் ஒருத்தி சட்டென்று குறுக்கிட்டாள்: "வரன் வந்தா மாப்பிள்ளைகிட்ட கிரவுண்டு பக்கத்துல வீடான்னு கேப்போம் ஐயா." எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எத்தனையோ பேர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனதை அவர் பார்த்திருப்பார்.

நம்பிக்கை பற்றிப் பேச ஆரம்பித்ததும் இடம் கலகலத்தது. 2025 ஜூலை 5இல் சியாங் மாயில் தாய்லாந்தை 2–1 என்று வென்று, ஆஸ்திரேலியாவில் நடக்க இருந்த 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி பெற்றார்கள். சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல். தேர்வாகும் பட்டியலில் நம்ம மாவட்டத்துப் பெயர் வருமா என்பதில் ஆளுக்கொரு கணக்கு. முந்தின ஆசியக் கோப்பையைச் சொன்னால் மட்டும் முகம் சுருங்குகிறது. 2022 ஜனவரியில் நம் நாட்டிலேயே நடந்தது. இந்துமதியும் சந்தியாவும் அணியில் இருந்தார்கள். ஈரானோடு கோலில்லாமல் டிரா. மூன்று நாள் கழித்து சீன தைபேயோடு ஆட ஆள் எண்ணிக்கையே தேறவில்லை, கொரோனா. போட்டியிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். "தோத்து வெளிய வந்திருந்தாக்கூட ஆறியிருக்கும் சார்" என்றாள் கோல்கீப்பர் பெண். விரல்களில் டேப் சுற்றியிருந்தாள். பேசும்போதே அதைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

2023 ஜூனில் அமிர்தசரசில் தமிழ்நாடு மறுபடியும் தேசிய பட்டம் வென்றதையும் அவர்களே சொன்னார்கள். ஹரியானாவை 2–1. கட்டாக்கிலும் 2–1, அமிர்தசரசிலும் 2–1, சியாங் மாயிலும் 2–1. இதில் ஏதோ ராசி இருக்கிறதென்று கோல்கீப்பர் நம்புகிறாள். "அந்த ஒண்ணு எதுக்கு? ரெண்டு–சைபர்னா உனக்குத்தான நல்லது?" என்று தோழிகள் ஓட்டினார்கள்.

பெண்கள் லீக் அப்போது வங்காளத்தில் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஊர் போய் ஆடும் முறையில் நடந்த லீக், இந்த முறை எல்லா ஆட்டத்தையும் ஒரே பக்கமாக அங்கே கொண்டுபோய்விட்டது. அதாவது இவர்களின் அக்காக்கள் ஆடுவதை இவர்கள் மறுபடியும் செல்போனில்தான் பார்க்க வேண்டும்.

"சேது டீமைக் கூப்பிட்டு கடலூர் அண்ணா ஸ்டேடியத்துல ஒரே ஒரு சிநேக ஆட்டம் வெச்சா?" என்று கேட்டேன். எதிரணிக்கு ஆள் இங்கேயே இருக்கிறார்கள்.

ஐயா உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் வடிய பொங்கல் ஆகும். மாசியில் வைத்தால் பரீட்சை. பங்குனியில் வைத்தால் காலை ஏழு மணிக்கே தொடங்க வேண்டும், இல்லையென்றால் பார்க்க வருகிறவர்கள் மயங்கி விழுவார்கள். பந்தலுக்குத் தெரிந்த ஆள் ஒருவர் முதுநகரில் இருக்கிறார். கோல் வலைக்குக் கவலையில்லை, தேவனாம்பட்டினத்தில் ஆள் இருக்கிறது என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

"டிக்கெட் போட்டா வாங்குவாங்களா?" என்று கோல்கீப்பர் கேட்டாள்.

"இருபது ரூபா போடுங்க" என்றார் ஐயா. "நிழல் விழுற பக்கம் அம்பது. அதுல மொத சீட்டு எனக்கு."